பொட்டல் காட்டில் 42 கிலோமீட்டர்: குடுமியான்மலை – நார்த்தாமலை மலைசைக்கிள் பயணத்தைத் திட்டமிடுவது எப்படி

புதுக்கோட்டைக்கு மேற்கிலும் வடமேற்கிலும் கிடக்கும் நிலம் மலைசைக்கிளுக்கென்றே அமைந்தது போல இருக்கும். செம்மண் வண்டிப்பாதைகள், கண்மாய்க் கரைகள், தைலமரத் தோப்புகள், திடீரென்று எழுந்து நிற்கும் மொட்டைப் பாறைக் குன்றுகள். ஏற்றம் என்று பெரிதாக எதுவும் இல்லை. அதனால்தான் பலர் ஏமாந்துபோகிறார்கள். குன்னூர்ச் சரிவில் மூச்சு வாங்கிப் பழகியவர்கூட இங்கே பத்து மணி வெயிலில் தண்ணீர் தீர்ந்து, பின்சக்கரம் காற்றிறங்கி, நிழலுக்கு ஒரு மரம் தேடி நிற்கிறார். இந்த நிலத்தில் பயணத்தை முடிவு செய்பவை வெயில், தண்ணீர், முள் ஆகிய மூன்றும்தான். தொலைவுக்கு அதற்குப் பிறகுதான் இடம்.

இங்கே எடுத்துக்கொண்டிருப்பது குடுமியான்மலையில் தொடங்கி அன்னவாசல், சித்தன்னவாசல் வழியாக நார்த்தாமலை போய், வேறு பாதைகளில் திரும்பும் ஒரு சுற்று. நீங்கள் தேர்ந்தெடுக்கும் வண்டிப்பாதைகளைப் பொறுத்து 40 முதல் 45 கி.மீ. வரும். வாரம் இரண்டு முறையாவது சைக்கிள் ஓட்டி, தார் சாலையில் 40 கி.மீ.யைச் சிரமமில்லாமல் முடிப்பவருக்கு இது நடுத்தரமான பயணம். அந்தப் பழக்கம் இல்லாதவர் சித்தன்னவாசல் வரை போய்த் திரும்பினால் போதும்.

மாதம், நாள்

டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி நடுப்பகுதி வரைதான் சரியான காலம். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, கண்மாய்களில் தண்ணீர் நிற்க, பாதைகள் இறுகியிருக்கும் நேரம் அது. அக்டோபர், நவம்பரில் செம்மண் பாதை சமாளித்துவிடும்; கண்மாய் உள்வாயில் இருக்கும் வண்டல்தான் ஆகாது. சக்கரத்துக்கும் அதைப் பிடித்திருக்கும் ஃபோர்க்குக்கும் (கவைக்கும்) நடுவில் அப்பிக்கொண்டு சக்கரத்தைச் சுழலவிடாது. மார்ச் பிறந்துவிட்டால் காலை ஒன்பதரைக்குள் முடிக்கும் குறுகிய பயணங்கள் மட்டும். ஏப்ரல், மே மாதங்களில் வேண்டவே வேண்டாம்.

நல்ல மாதத்திலும் சில நாட்களைத் தவிர்க்க வேண்டும். தை மாதத்தில் அன்னவாசல் வட்டாரத்தில் ஜல்லிக்கட்டு நடக்கும். வாடிவாசல் தாண்டி ஓடிய காளை மாலை வரை எந்தக் காட்டுப்பாதையில் நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. பங்குனியில் நார்த்தாமலை முத்துமாரியம்மன் கோயில் திருவிழா. பாதயாத்திரைக் கூட்டமும் வண்டிகளும் சாலையை நிறைத்துவிடும். முந்தைய நாள் மாலை அன்னவாசல் டீக்கடையில் ஒருவரைக் கேட்டாலே இரண்டும் தெரிந்துவிடும்.

எந்தத் திசையில் போவது

குடுமியான்மலை தென்மேற்கில், நார்த்தாமலை வடகிழக்கில். தை மாதக் காற்று வடகிழக்கிலிருந்து வருகிறது. விடியற்காலையில் அது அடங்கிக் கிடக்கும். ஒன்பது மணிக்கு மேல் வலுக்கும். ஆகவே காற்று எழுவதற்கு முன்பே அதை எதிர்த்துப் போய்விட்டு, அது வலுக்கும்போது முதுகில் வாங்கிக்கொண்டு திரும்புவது புத்திசாலித்தனம். குடுமியான்மலையில் தொடங்கச் சொல்வது இதற்காகத்தான். நார்த்தாமலையில் தொடங்கினால் கடைசி 20 கி.மீ. எதிர்காற்று.

இதில் ஒரு சிக்கலும் உண்டு. முதுகுக்காற்றும் நீங்களும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் போனால் உடலில் காற்றே படாது. வியர்வை காயாது, சூடு இறங்காது. கால் லேசாக இருக்கும், தலை மட்டும் கொதிக்கும். திரும்பும் வழியில் 20 நிமிடத்துக்கு ஒரு முறை நின்று, துண்டை நனைத்துக் கழுத்தில் போட்டுக்கொள்ளுங்கள். களைப்புத் தெரியவில்லை என்று நிற்காமல் போகிறவர்தான் முதலில் சுருண்டு உட்காருவார்.

நேரக் கணக்கைப் பின்னாலிருந்து போடுங்கள்

எத்தனை மணிக்குக் கிளம்புவது என்று தொடங்காதீர்கள். எத்தனை மணிக்கு முடித்தாக வேண்டும் என்பதை முதலில் எழுதுங்கள். ஜனவரியில் அது 10:30. அங்கிருந்து பின்னோக்கி வாருங்கள். தரைக்குத் தரை வேகம் மாறும்: தார் சாலையில் மணிக்கு 18 கி.மீ., சரளை கலந்த செம்மண்ணில் 12, கண்மாய்க் கரையிலும் வண்டிப்பாதையிலும் 8, மணல் வாரியில் (மணல் நிறைந்த ஓடையில்) இறங்கித் தள்ளினால் 4.

42 கி.மீ. சுற்றில் 20 தார், 14 செம்மண், 8 கரையும் வண்டிப்பாதையும் என்று வைத்துக்கொள்வோம். முறையே 67, 70, 60 நிமிடங்கள், மொத்தம் 197. இதில் கால் பங்கைத் தண்ணீர், டீ, பஞ்சர், வழி கேட்பது என்று சேர்த்தால் 246 நிமிடம், அதாவது நான்கு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். 10:30க்கு முடிக்க வேண்டுமானால் 6:20க்குப் பெடலில் கால் இருக்க வேண்டும். ஜனவரி நடுவில் இங்கே சூரியன் உதிப்பது 6:35 வாக்கில். அதற்கு முன்பே கண் தெரியும் அளவு வெளிச்சம் வந்துவிடும், ஆனாலும் முன்விளக்கும் பின்சிவப்பும் இல்லாமல் தார் சாலையில் ஏற வேண்டாம்.

திரும்பும் நேரத்துக்கும் ஒரு வரம்பு வையுங்கள். 8:30 ஆகியும் நார்த்தாமலை வரவில்லை என்றால், எங்கே இருக்கிறீர்களோ அங்கிருந்தே திரும்புங்கள். இந்தக் கணக்கில் சித்தன்னவாசல் ஓவியம் பார்க்கும் நேரம் சேரவில்லை. ஓவியங்கள் இருக்கும் சமணக் குடைவரையான அறிவர் கோயிலையும் சமணப் படுக்கைகள் உள்ள ஏழடிப்பட்டத்தையும் அரைமணியில் பார்த்துவிட்டு ஓடுவதில் பொருளில்லை. சைக்கிளைக் காரில் ஏற்றிய பிறகு, திறக்கும் நேரம் கேட்டுக்கொண்டு நிதானமாகப் போங்கள்.

வரைபடத்தில் பாதை போடுவது

கூகுள் மேப்ஸ் தார் சாலைகளுக்குச் சரி. வண்டிப்பாதைகள் பெரும்பாலும் அதில் இருக்காது. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பை வைத்து இயங்கும் ஆஸ்மாண்ட், ஆர்கானிக் மேப்ஸ் போன்ற செயலிகளில் மாவட்டப் படத்தை முன்கூட்டியே இறக்கி வைத்தால் சிக்னல் இல்லாத இடத்திலும் வேலை செய்யும். பிறகு இப்படிச் செய்யுங்கள்.

1. முதலில் தார் சாலைகளை மட்டும் வைத்து ஒரு சுற்றைப் போடுங்கள். எது கெட்டாலும் வந்து சேர வேண்டிய எலும்புக்கூடு இதுதான்.

2. செயற்கைக்கோள் படத்தில் கண்மாய்களைத் தேடுங்கள். வில் போல வளைந்த கோடு கரை. அதன் மேல் வெளிறிய தடம் தெரிந்தால் ஆளும் மாடும் நடக்கிறார்கள் என்று பொருள். முழுக்கப் பச்சையாகத் தெரிந்தால் சீமைக் கருவேலம் மூடிவிட்டது. அந்தக் கரையை விட்டுவிடுங்கள்.

3. கரை நெடுகப் போகும்போது கலிங்கி (மிகுதி நீர் வழியும் கல்கட்டு) வரும் இடத்தில் தடம் அறுந்துபோகும். தண்ணீர் வழியும் நாட்களில் கலிங்கிக் கல் பாசி பிடித்து வழுக்கும். சைக்கிளைத் தோளில் ஏற்றிக் கடக்க இரண்டு நிமிடம் கணக்கில் வையுங்கள்.

4. எந்த இடத்தில் வண்டி கெட்டாலும் 3 கி.மீ.க்குள் தார் சாலை இருக்கிறதா என்று ஒவ்வொரு துண்டாகப் பாருங்கள். இல்லாத துண்டை மாற்றிவிடுங்கள்.

5. நிழலையும் தண்ணீரையும் புள்ளி வையுங்கள். பேருந்து நிழற்குடை, கோயில் மண்டபம், பள்ளிக்கூட வாசல் வேம்பு, கடை. இரண்டு நிழலுக்கு நடுவே 5 கி.மீ.க்கு மேல் இருக்கக்கூடாது. தைலமரத்தை நிழல் என்று எண்ண வேண்டாம். அதன் இலை தொங்கி நிற்பதால் உச்சி வெயில் அப்படியே இறங்கும்.

விலக்க வேண்டிய இடங்கள் உண்டு. கல் குவாரிகளைச் சுற்றி வெடி வைப்பார்கள். டிப்பர் லாரி ஓட்டுநருக்குப் புழுதியில் சைக்கிள் தெரியாது. அம்மாசத்திரம் அருகே பசுமலைப்பட்டியில் துப்பாக்கி சுடும் பயிற்சித் தளம் ஒன்று அமைந்தது. 2021 டிசம்பரில் அங்கிருந்து பாய்ந்த குண்டு, வீட்டில் இருந்த 11 வயதுச் சிறுவன் தலையில் பட்டு, சில நாட்களில் அவன் இறந்துபோனான். அந்தப் பக்கத்துப் பொட்டலுக்குள் குறுக்குவழி தேடாமல், நார்த்தாமலைக்குள் நுழையும் கடைசித் துண்டைத் தார் சாலையிலேயே வையுங்கள். வனத்துறைப் பலகை கண்ட தோப்புக்குள்ளும் அனுமதியில்லாமல் நுழைய வேண்டாம். அய்யனார் கோயில் காடுகளில் மண்குதிரைகளுக்கு நடுவே சைக்கிள் விடுவது ஊரைப் பகைத்துக்கொள்வது. வெளியே நிறுத்திவிட்டு நடந்து போனால் யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள், தண்ணீர்கூடத் தருவார்கள்.

வழி கேட்பதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. "ஐயா, இது நார்த்தாமலை போகுமா?" என்று கேட்டால் பத்தில் ஒன்பது பேர் "போகும்" என்றுதான் சொல்வார்கள்; போகவும் செய்யும், எட்டு வரப்பு தாண்டி. "இந்தப் பாதை எங்கேங்க போகுது? நடுவுல வாரி கிடக்கா?" என்று கேளுங்கள். பாதையின் முழுக் கதையும் வரும்.

முள்

இந்த வட்டாரத்தில் பஞ்சருக்கு இரண்டு காரணங்கள். ஒன்று சீமைக் கருவேல முள்: நீளமாக, கடினமாக, டயரின் எந்தப் பக்கத்திலும் குத்தும். வேலி வெட்டிய இடத்திலும் கரி மூட்டம் போட்ட இடத்திலும் பாதை நிறையச் சிதறிக் கிடக்கும். இன்னொன்று நெருஞ்சி. மழைக்குப் பின் மஞ்சள் பூவாகத் தரையோடு படர்ந்து அழகாகத்தான் இருக்கும். காய் முற்றிக் காய்ந்ததும் துண்டு துண்டாகப் பிரிந்து, எப்படி விழுந்தாலும் ஒரு முள் மேலே பார்க்கக் கிடக்கும். அமெரிக்காவின் வறண்ட மாநிலங்களில் சைக்கிள்காரர்கள் ஆட்டுத்தலை என்று சொல்லித் திட்டும் முள் இதே செடியினுடையதுதான். ஜனவரி கடைசியிலிருந்து இது மோசமாகும். பாதை ஓரத்தைவிடச் சக்கரத்தடம் பதிந்த நடுப்பகுதியில் முள் குறைவு. ஓரம் ஒதுங்கிச் சைக்கிளைப் படுக்கப்போடும்போதுதான் பாதிப் பஞ்சர் ஆகிறது. தார் சாலைக்கு ஏறுமுன் நின்று, டயரைச் சுற்றிப் பார்த்து, ஒட்டியதைத் தட்டிவிடுங்கள்.

டயருக்குள் சீலண்ட் (துளையை அடைக்கும் திரவம்) இல்லாமல் இங்கே வரவே வேண்டாம். 29 அங்குல, 2.2 முதல் 2.35 அகல டயருக்கு, டியூப்லெஸ் (டியூப் இல்லாத டயர்) என்றால் சக்கரத்துக்கு 100 முதல் 120 மி.லி. நம் ஊர்ச் சூட்டில் அது இரண்டு மூன்று மாதத்திலேயே காய்ந்து தோலாகிவிடும். சக்கரத்தைக் காதருகே ஆட்டிப் பார்த்து, திரவம் அலசும் சத்தம் இல்லையென்றால் மறுபடி ஊற்றுங்கள். டியூப் போட்டவர்களும் வால்வுக் கருவைக் கழற்றி உள்ளே சீலண்ட் ஊற்றலாம். நெருஞ்சித் துளையை அது நன்றாகவே அடைக்கும்.

காற்றழுத்தம், 70 கிலோ எடையுள்ளவருக்கு: டியூப்லெஸ் என்றால் முன்னால் 22 முதல் 24 பி.எஸ்.ஐ., பின்னால் 25 முதல் 27. டியூப் என்றால் முன்னால் 30, பின்னால் 33. அதைவிடக் குறைத்தால் சரளைக்கல் டியூப்பை ரிம்மோடு நசுக்கி, பாம்பு கடித்தது போல இரட்டைத் துளை போடும். 45க்கு ஏற்றினால் முன்சக்கரம் சரளையில் கோலி மேல் நிற்பது போல உருளும்.

கருவேல முள் குத்தி டியூப் மாற்றும்போது எல்லோரும் செய்யும் தவறு: முள்ளின் நுனி டயருக்குள்ளேயே முறிந்து நிற்கும், அதைப் பார்க்காமல் புது டியூப்பைப் போடுவார்கள். பத்து நிமிடத்தில் மறுபடி காற்றிறங்கும். டயரின் உட்புறம் முழுக்க ஒரு துணியை இழுத்துப் பாருங்கள், விரலால் தடவ வேண்டாம். துணி மாட்டும் இடத்தில் முள் இருக்கும். சிறு கொறடால் உள்ளிருந்து பிடுங்குங்கள்.

வால்வைப் பற்றி ஒரு வார்த்தை. மெல்லிய பிரெஸ்டா வால்வு உள்ள சைக்கிளுக்கு ஊர்ப் பஞ்சர் கடையில் காற்றடிக்க முடியாது. சிறு பித்தளை அடாப்டர் இரண்டு வாங்கி, ஒன்றைப் பையிலும் ஒன்றை வால்விலேயும் திருகி வையுங்கள். பெட்ரோல் பங்க் கம்ப்ரசரில் அடிப்பதாக இருந்தால் கண்மூடித் திறக்கும் நேரத்துக்கு மட்டும் அழுத்தி அழுத்தி விடுங்கள். அது லாரி டயருக்கான வேகம்.

சைக்கிளும் பையும்

100 மி.மீ. முன் சஸ்பென்ஷன் உள்ள சாதாரண ஹார்ட்டெயில் (பின்னால் சஸ்பென்ஷன் இல்லாத சைக்கிள்) தாராளமாகப் போதும். சங்கிலிக்கு மெழுகு கலந்த வறண்ட எண்ணெயை முந்தைய இரவே விட்டு, காயவிட்டு, வெளிப்பக்கத்தைத் துடைத்துவிடுங்கள். காலையில் ஊற்றினாலோ, கெட்டியான எண்ணெய் போட்டாலோ செம்மண் தூசி அதோடு சேர்ந்து அரைக்கும் மாவாகி, சங்கிலியையும் பல்லையும் தேய்த்துவிடும்.

பைக்குள்: டியூப் 2, ஒட்டுப்போடும் சாமான், டயர் நெம்பி 2, கைப்பம்பு, மல்ட்டி டூல், சங்கிலி இணைப்புக் கண்ணி, உங்கள் சைக்கிளுக்குப் பொருந்தும் டிரெய்லியர் ஹேங்கர் (பின்கியர் மாற்றியான டிரெய்லியரைச் சட்டத்தோடு பிடிக்கும் துண்டு), கொறடு, பிளேடு. கடைசி மூன்றுக்கும் காரணம் இருக்கிறது. ஜனவரி, பிப்ரவரி அறுவடைக் காலம். வைக்கோல் பாதையெங்கும் கிடக்கும். பின்சக்கரப் பற்களில் அது சுற்றிக்கொண்டு டிரெய்லியரைக் கம்பிகளுக்குள் இழுத்தால் ஹேங்கர் முறியும். சரசரவென்று சத்தம் கேட்டவுடன் பெடலை நிறுத்தி, இறங்கி, வெட்டி எடுங்கள். தார் சாலையில் நெல்லோ உளுந்தோ காயப்போட்டிருந்தால் அதன்மேல் ஏற்றாமல் சுற்றிப் போவது மரியாதை மட்டுமல்ல, நெல் மேல் வளைந்தால் வழுக்கியும் விழுவீர்கள்.

உடைக்கு முழுக்கை மெல்லிய சட்டை, ஹெல்மெட்டுக்குள் கழுத்தை மறைக்கும் துணி, கண்ணாடி, கெட்டியான அடிப்பாகமுள்ள ஷூ. செருப்பைக் கருவேல முள் துளைத்துவிடும்.

தண்ணீர், உப்பு, சாப்பாடு

உங்களுக்கு எவ்வளவு தண்ணீர் தேவை என்பதைப் பொதுவாகச் சொல்வதைவிட அளந்து பார்ப்பது நல்லது. பயணத்துக்கு ஒரு வாரம் முன்பு, ஒரு மணி நேரம் ஓட்டுவதற்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். குறைந்த ஒவ்வொரு கிலோவும் ஏறக்குறைய ஒரு லிட்டர் வியர்வை. இடையில் குடித்ததையும் கூட்டிக்கொள்ளுங்கள். இந்த வெயிலில் பலருக்கு மணிக்கு முக்கால் லிட்டரிலிருந்து ஒரு லிட்டருக்கு மேல் போகும்.

கிளம்பும்போது குறைந்தது 3.5 லிட்டர் கொள்ளளவு வேண்டும்: உறிஞ்சுகுழாய் உள்ள முதுகுப்பையில் 2, சட்டத்தில் 750 மி.லி. பாட்டில் இரண்டு. முதுகுப்பையில் வெறும் தண்ணீர் மட்டும். சர்க்கரை ஊற்றினால் குழாய் நாறும். பாட்டில்களில் ஓ.ஆர்.எஸ். (உப்பு-சர்க்கரைக் கரைசல்). லிட்டருக்கு 20.5 கிராம் பாக்கெட் என்றால் ஒன்றை அளந்த ஒரு லிட்டரில் கரைப்பதுதான் சரி. பாக்கெட் இல்லையென்றால் ஒரு லிட்டரில் மட்டமாக ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. ரத்த அழுத்தமோ சிறுநீரகக் கோளாறோ இருப்பவர் உப்பின் அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளட்டும்.

இளநீர் போதாதா என்று கேட்பார்கள். அதில் பொட்டாசியம் நிறைய, சோடியம் குறைவு. வியர்வையில் நீங்கள் இழப்பது பெரும்பாலும் சோடியம். உப்புப் போட்ட நீர்மோர் அதைவிட மேல். உப்பே இல்லாமல் வெறும் தண்ணீரைக் குடித்துக்கொண்டே இருப்பதும் ஆபத்துதான். வயிறு குலுங்க, தலை வலித்து, விரல் மோதிரம் இறுகினால் தண்ணீர் கூடிவிட்டது என்று அர்த்தம்.

நார்த்தாமலையில் கோயிலைச் சுற்றிக் கடைகள் உண்டு. அங்கே எல்லாவற்றையும் நிரப்புங்கள். கண்மாய்த் தண்ணீர் துண்டு நனைக்க மட்டும். மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து என்ற கணக்கில் வாழைப்பழமும் கடலை மிட்டாயும் போதும். கிளம்பும் முன் பொங்கல், வடை சாப்பிட்டுவிட்டு ஏறுகிறவர் அன்னவாசலுக்குள் வருத்தப்படுவார். இரண்டு இட்லி, அவ்வளவுதான்.

ஓட்டும்போது

சரளை கலந்த செம்மண் பார்க்க இறுக்கமாகத் தெரியும். கடினமான செம்பாறை மேல் உருளைக்கற்கள் தளர்வாகக் கிடக்கும். வளைவுக்கு முன்பே பிரேக்கை முடித்துவிடுங்கள். வளைவுக்குள் முன்பிரேக்கைத் தொட்டால் சக்கரம் பக்கவாட்டில் போய்விடும். மணல் வாரியில் இறங்கும் முன் ஒரு கியர் லேசாக்கி, உடலைச் சற்றுப் பின்னுக்குத் தள்ளி, கைப்பிடியைத் தளர்த்திப் பிடித்து, பெடலை விடாமல் சுற்றுங்கள். சக்கரம் தானாக நெளியும், நெளியட்டும். தைலமரத் தோப்பில் காய்ந்த இலைக்கடியில் வெட்டிய மரத்தின் அடிக்கட்டை ஒளிந்திருக்கும். தடம் தெரியும் இடத்தில் மட்டும் போங்கள்.

ஊர் நாய் துரத்தினால் வேகம் கூட்டாதீர்கள். இறங்கி, சைக்கிளை நடுவில் வைத்துக்கொண்டு நடங்கள். பெரும்பாலும் அது தன் எல்லையோடு நின்றுவிடும். நார்த்தாமலையில் மேலமலை மேல் விஜயாலய சோழீஸ்வரம் கோயிலுக்குப் போக விரும்பினால் சைக்கிளைக் கீழே பூட்டிவிட்டு நடந்து ஏறுங்கள். பாதுகாக்கப்பட்ட இடம் அது, பாறையில் டயர்த் தடம் பதிப்பதற்கு அல்ல.

உடலும் உயிரும்

வியர்வை கொட்டி, தலை சுற்றி, குமட்டினால் வெயில் களைப்பு: நிழல், உப்புத்தண்ணீர், அரைமணி ஓய்வு, பிறகு கிட்டிய தார் சாலை வழியே திரும்புதல். கூட வருபவர் உளறினாலோ, தடுமாறி நடந்தாலோ, கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொன்னாலோ அது வெப்பத்தாக்கு. இருக்கும் தண்ணீர் முழுவதையும் அவர் தலை, கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் ஊற்றி விசிறுங்கள். கூடவே 108க்கு அழையுங்கள். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக்கூடாது. குடிக்க மிச்சம் வைக்கலாம் என்று ஊற்றத் தயங்கும் நிமிடங்கள்தான் உயிரைக் கொண்டுபோகும்.

கல்லடுக்கு, வைக்கோல் போர், பாலத்தின் அடி ஆகிய நிழல்களில் கையைக் காலை நீட்டுமுன் பாருங்கள். சுருட்டை விரியனுக்கும் கண்ணாடி விரியனுக்கும் அதே நிழல்தான் பிடிக்கும். கடித்துவிட்டால் கட்டுப் போடாமல், கீறாமல், உறிஞ்சாமல், அந்தக் கைகாலை அசையவிடாமல் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். புதுக்கோட்டை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் இடத்தை முன்பே வரைபடத்தில் குறித்து வையுங்கள்.

வீடு வந்த பிறகு

எடை பாருங்கள். கிளம்பியதைவிட நூற்றுக்கு இரண்டு பங்குக்கு மேல் குறைந்திருந்தால் அடுத்த முறை பாட்டில் ஒன்று கூட்டுங்கள். சங்கிலியை உலர்ந்த துணியால் துடையுங்கள். தண்ணீர் பீச்சினால் செம்மண் ஹப்புக்குள் போய்விடும். டயரில் மிஞ்சிய முட்களை அன்றைக்கே தேடி எடுங்கள், டியூப்லெஸ் என்றால் துளையைக் கீழ்ப்பக்கம் வைத்து ஓர் இரவு விடுங்கள். மறுநாள் காலை காற்று எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று அளந்தால், சீலண்ட் இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று தெரிந்துவிடும். மூடிப்போன கரை, அறுந்த தடம், நல்ல நிழல் எல்லாவற்றையும் மறப்பதற்குள் வரைபடத்தில் திருத்துங்கள். அடுத்த மழைக்குப் பிறகு பாதி மாறியிருக்கும்.